விசில் ஊதச் சொன்னேன்

உத்திரமேரூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், இங்கே மலேசியாவில், ஈப்போவில், விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கல்வெட்டுக் கோயிலைப் பார்த்தாயா?" என்பதுதான். பார்க்கவில்லை. ஏழு நாள் அந்த ஊரில் இருந்தேன், கோயில் பக்கமாகப் பேருந்தில் எத்தனையோ முறை போனேன், ஒரு முறைகூட இறங்கவில்லை. நான் போனது ஓர் இருக்கையைச் சோதிக்க. இருக்கை நன்றாகவே வேலை செய்தது. நான் விமானம் ஏறியபோது ஏழுமலை என்ற பேருந்து ஓட்டுநருக்கு வேலை போயிருந்தது. அதற்கு நான்தான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் சத்தத்தைச் சத்தத்தால் அடக்குவது. இருக்கையின் தலைப்பகுதியில் காதுக்கு ஒன்றாக இரண்டு சிறிய மைக், இரண்டு ஸ்பீக்கர். எஞ்சின் உறுமலை மைக் கேட்கும். அதற்கு நேர் எதிரான சத்தத்தை ஸ்பீக்கர் போடும். அலையில் மேடு வரும் இடத்தில் இது பள்ளம் போடும், பள்ளத்தில் மேடு போடும், இரண்டும் காதருகே சந்தித்துச் சமமாகிவிடும். எவ்வளவு போடுவது, எப்போது போடுவது என்பதை ஒரு சிறிய பெட்டி ஓயாமல் கணக்குப் பார்த்து, தானே கற்றுக்கொண்டு, தானே திருத்திக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குப் பாடம் சொல்லித் தருவதுதான் நான் பல வருடமாகப் பார்க்கும் வேலை. சாலை மாறினாலும், தலை அசைந்தாலும், திடீரென்று எது இடித்தாலும் பெட்டி நிதானம் தவறக் கூடாது. தவறினால் ஸ்பீக்கர் ஊளையிடும்.

பேருந்து இருக்கை செய்யும் ஒரு கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. பயணிகள் இருக்கைக்குத்தான். எஞ்சின் உள்ளேயே, ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய பேருந்தில் இது வேலை செய்தால் எதிலும் வேலை செய்யும் என்று சொல்லி, உத்திரமேரூரிலிருந்து பெருநகர் வழியாகக் காஞ்சிபுரம் போகும் ஒரு தனியார் பேருந்தைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜ். அறையில் மின்விசிறிக்கு இரண்டே வேகம்தான்: நிற்பது, பறப்பது. கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்தவர், "நாஷ்டா ஆச்சா?" என்றார். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்போம். இன்னும் இல்லை என்றதும், கேட்காமலே இட்லியும் வடகறியும் வந்தன. நேற்று மிஞ்சிய வடையை இன்று குழம்பாக்கும் சிக்கனம் என்று நினைத்து ஒரு வாய் வைத்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஈப்போவில் ரொட்டி சானாய் என்னும் எங்கள் ஊர்ப் பரோட்டாவுக்குத் தரும் பருப்புக் குழம்பை இனி நான் குறை சொல்லாமல் சாப்பிடுவது கஷ்டம்.

பேருந்து ஷெட்டில் ஏழுமலையைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைக் காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை. இந்தத் தடத்திலேயே முப்பது வருடமாக ஓட்டுகிறார். பக்கத்தில் கண்டக்டர் முருகேசன், நாற்பது வயது, குரல் மட்டும் பேருந்து அளவுக்கு. பதினோரு வருடமாக இருவரும் ஒரே வண்டி. முருகேசன் அவரை "ஏயுமலணா" என்று கூப்பிட்டார். "மலேசியால நம்ம பாஷ பேசறாங்களா மேடம்?" என்று கேட்டார். பேசுகிறோம் என்றேன். "நீங்க பேசறது நியூஸ் படிக்கற மாதிரி கீது" என்றார்.

ஏழுமலை அதிகம் பேசவில்லை. நான் பேசும்போது முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது காது என் பக்கம் வருமாறு நின்றார். பெண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசக் கூச்சப்படும் மனிதர் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய மனோதத்துவ நிபுணர் நான்.

செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். எஞ்சினை மூடியிருக்கும் பானட்டுக்கு அருகில் உள்ள முதல் பயணி இருக்கையில் எங்கள் தலைப்பகுதியைப் பொருத்தி, நானே உட்கார்ந்துகொண்டேன். மடியில் கணினி, காலடியில் பெட்டி, பெட்டிக்கு மேல் யாரோ ஒருவர் இடமில்லாமல் வைத்த பலாப்பழம். பானட்டின் சூடு முழங்காலில் அடித்தது. அறுவடைக் காலம். சாலையின் பாதியில் நெல்லைக் காய வைத்திருந்தார்கள். நெல்லின் மேல் சக்கரம் ஏறியபோது டயர் சத்தம் சட்டென்று மெத்தென்றாகி, தாண்டியதும் பழையபடி கரகரத்தது. என் பெட்டி இரண்டு நொடி திகைத்தது, பிறகு சுதாரித்துக்கொண்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நெல் காயப் போட்ட சாலையை யாரும் யோசித்ததில்லை.

மாமண்டூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு புகாரைக் கைப்பேசியில் தட்டியிருப்போம். இங்கே பயணிகள் இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒருவர் வண்டியில் கூழ் விற்றார். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள மோர்மிளகாய், வெங்காயம். நானும் குடித்தேன். ஏழுமலை கைகளில் கிரீஸோடு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். முருகேசன் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு போய், அவர் கை கழுவ வேண்டாம் என்று தானே வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார்.

அன்று மாலை நான் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து ஒன்று செய்தேன். கையில் இன்னொரு தலைப்பகுதி உபரியாக இருந்தது. நான் ஒரு நாள் உட்கார்ந்ததற்கே தலை விண்ணென்றிருந்தது. இந்த மனிதர் முப்பது வருடமாக அந்த எஞ்சினை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தினமும் பத்து மணி நேரம் உட்கார்கிறாரே என்று தோன்றியது. பேருந்து முதலாளியிடம் கேட்டேன். "போடுங்க, அவனுக்கும் கொஞ்சம் சொகமா இருக்கட்டும்" என்றார்.

புதன்கிழமை ஓட்டுநர் இருக்கையில் மாட்டினோம். நாள் முழுவதும் ஊளைதான். இரண்டு காரணங்கள் கண்டுபிடித்தேன். ஒன்று, ஏழுமலை தலையை ஒரு இடத்தில் வைப்பதில்லை. யாராவது பேசினால் உடனே முகம் இடப்பக்கம் திரும்பும், வலது காது முன்னால் நகர்ந்து மைக்கை விட்டு விலகும். 'அமைதியில்லாத ஆள்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதைச் சமாளிக்கப் பெட்டிக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவதுதான் சிக்கல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முருகேசன் பின்வாசலில் நின்றுகொண்டு வண்டியின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடிப்பார். ஓர் அடி என்றால் நிறுத்து, இரண்டு அடி என்றால் போ. அந்த அடி தகரம், சட்டம், இருக்கை எல்லாவற்றையும் உலுக்கிக்கொண்டு வந்து என் மைக்கில் இடியாக விழும். பெட்டி அதுவரை கற்றதையெல்லாம் மறந்துவிட்டு ஊளையிடும். மறுபடி கற்றுக்கொண்டு அமைதியாவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

இதற்கு மருந்து உண்டு. திடீர் இடியை அடையாளம் கண்டு, அந்தக் கணம் மட்டும் காதைப் பொத்திக்கொள் என்று பெட்டிக்குச் சொல்லித் தரலாம். இரண்டு நாள் வேலை. என்னிடம் இருந்ததே மூன்று நாள். அதனால் பெட்டியை விட்டுவிட்டு முருகேசனிடம் போனேன்.

"தட்டாமல் விசில் ஊதலாமே. கழுத்தில்தான் விசில் தொங்குகிறதே" என்றேன்.

முருகேசன் உடனே பதில் சொல்லவில்லை. பேசிக்கொண்டே இருக்கும் மனிதர் பேசாமல் நின்றது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பயக்கம் ஆயிப்போச்சி மேடம். இப்டியே ஓட்டிக்கினு இருக்கோம்" என்றார்.

"விதிப்படி விசில்தானே?"

"விசில்தான்."

"அப்புறம் என்ன?"

அவர் முன்னால் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சு எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் முதலாளி அங்கே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா அவ்ளோ தூரத்துல இருந்து வந்துகீறாங்க, சொன்னபடி செய்யேன்டா. இன்னா பேஜாரு உனக்கு?" என்றார். முருகேசன் தலையாட்டினார். அதற்கு மேல் மறுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்தக் காரணத்தை முதலாளி முன்னால் சொல்ல முடியாது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

வியாழக்கிழமை பேருந்தில் தகரச் சத்தம் இல்லை. முதல் நிறுத்தத்தில் முருகேசன் இரண்டு விசில் ஊதினார். வண்டி நகரவில்லை. மறுபடி ஊதினார். "ஏயுமலணா, ரைட்டு" என்று பயணிகளே கூவினார்கள். பிறகுதான் நகர்ந்தது. இப்படி நாலைந்து இடத்தில் நடந்தது. ஒரு கல்லூரிப் பெண், "டிரைவர் அண்ணன் மலேசியா சீட்டுல தூங்கிட்டாரு போல" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பழக்கம் மாற ஒரு நாள் ஆகும் என்று நினைத்தேன்.

ஆனால் பெட்டி அன்று அற்புதமாக வேலை செய்தது. பெருநகர் தாண்டி நீண்ட நேர்ச் சாலையில் எஞ்சின் உறுமல் அப்படியே அமிழ்ந்துபோனதைத் திரையில் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோடு எனக்கு வந்ததில்லை. முருகேசன் முன்னால் வந்து பானட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அடுத்த நிறுத்தத்தில் நான் எழுந்து போய், ஏழுமலையின் இருக்கைக்குப் பின்னால் நின்று வலது தோள் பக்கம் குனிந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா கீது மேடம்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. முப்பது வருட இரைச்சலுக்குப் பிறகு கிடைத்த அமைதி அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை என் மேலதிகாரிக்கு அனுப்பிய செய்தியில் இதை எழுதவும் செய்தேன். 'ஓட்டுநர் கண் கலங்கினார்' என்று.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். எங்களுக்குப் பின்னால் இன்னொரு கம்பெனியின் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. முந்தின நாள் முழுக்கப் பயணிகளிடம் திட்டு வாங்கியதால் ஏழுமலை இப்போது விசிலுக்குக் காத்திருக்கவில்லை, பக்கக் கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடுத்தார். ஐயங்கார்குளம் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் இறங்கினார்கள். கண்ணாடியில் வாசல் காலியாகத் தெரிந்திருக்கிறது. அப்போது உள்ளேயிருந்து, "ஏய், என் ஸ்டாப்பு" என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் பின்வாசலுக்கு ஓடினாள். முருகேசன் ஒற்றை விசில் ஊதினார். இன்னொன்று. இன்னொன்று. வண்டி நகர்ந்தது. அவள் கால் படியில் இருந்தது.

நான் அவள் விழுந்ததைப் பார்க்கவில்லை. பயணிகளின் கூச்சலும், முருகேசன் விசிலைத் துப்பிவிட்டுத் தகரத்தை அடித்ததும்தான் என் காதில் விழுந்தன. அந்த ஓர் அடிக்கு வண்டி அப்படியே நின்றது.

அவள் பெயர் மல்லிகா. பட்டுத் தறி நெய்கிறவள். வலது கையில் மணிக்கட்டுக்கு மேல் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது நானும் நின்றேன். அவள் யாரையும் திட்டவில்லை. "தறில பொடவ பாதில நிக்குதுக்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள், ஏதோ நான் போய் முடித்துவைக்க முடியும் என்பது போல.

சாயங்காலம் லாட்ஜில் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் மைக்குகள் எல்லாவற்றையும் பிடித்திருந்தன. மூன்று ஒற்றை விசில், தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் கியர் விழும் சத்தம். திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்த விசிலைக் கேட்டுவிட்டு யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்பும் முகம், தட்டினால் மட்டும் நிற்கும் வண்டி, முருகேசனின் மௌனம், எல்லாம் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தன. இரைச்சலில் கெடும் காதில் முதலில் போவது விசில் போன்ற கூர்மையான சத்தம்தான். இதைப் பல மேடைகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். தகர அடி காதுக்காக அல்ல, உடம்புக்காக. அது இருக்கை வழியாக அவர் முதுகுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் தொழிலில் உறுதியான கட்டுப்பாடு என்றால், உலகம் எப்படி இருந்தாலும் பெட்டி அதற்கு ஈடுகொடுப்பது. நான் பெட்டியைத் திருத்தச் சோம்பல்பட்டு மனிதர்களைத் திருத்தினேன்.

சனிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். முதலாளி கைப்பேசியில் தன் தம்பியிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம், அதனால் எனக்குப் புரியும். அவர் சொன்னது இது: "விசில் ஊதியிருந்தால் ஏழுமலை ஏன் எடுக்கப் போகிறான்? முப்பது வருடத்தில் ஒரு கோழிகூட அவன் வண்டியில் அடிபட்டதில்லை. கண்டக்டர்தான் ஊதியிருக்க மாட்டான். அவனை இன்றோடு அனுப்பிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் வீட்டாரும் யாராவது ஒருவரைக் காட்டச் சொல்கிறார்கள்."

முருகேசன் வெளியே தலை குனிந்து நின்றார். ஊதவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் கணினியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அதைத் திறந்தால் முருகேசன் தப்புவார், ஏழுமலை போவார். திறக்காவிட்டால் ஊதிய விசிலை ஊதவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் வீட்டுக்குப் போவார்.

ஏழுமலை வண்டியிலிருந்து இறங்கி வந்தார். நேராக முதலாளி முன்னால் நின்றார்.

"மொதலாளி, அவன் விசில் வுட்டான். எனக்குத்தான் கேக்கல."

"ணா, சொம்மா இருணா" என்றார் முருகேசன்.

"நீ சொம்மா இருடா. பதினோரு வருசமா நீ சொம்மா இருந்தது போதும்." பிறகு முதலாளியிடம், "தகரத்த தட்டுவான், அது ஒடம்புல தெரியும். அத வெச்சிதான் ஓட்டிக்கினு இருந்தேன். காது போச்சி மொதலாளி" என்றார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா நைனா சொல்ற" என்று மெதுவாகக் கேட்டார். ஏழுமலை அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

நான் அப்போதுதான் வாய் திறந்தேன். தட்ட வேண்டாம் என்று சொன்னது நான், விசில் ஊதச் சொன்னது நான் என்றேன். முதலாளி என்னை மரியாதையாகப் பார்த்தார். "உங்க மேல தப்பு இல்ல மேடம். நீங்க ரூல்படிதான சொன்னீங்க" என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே காஞ்சிபுரத்தில் காது சோதனை. ஏழுமலை, முருகேசன், நான் மூவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். முருகேசன் வழியெல்லாம் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அவர் தோளைத் தட்டித் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். சோதனை அறை கண்ணாடிக் கூண்டு. அப்படிப்பட்ட அறைகளில்தான் நான் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன். காதில் மாட்டிய கருவியில் சத்தம் கேட்டால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வலது காதுக்குச் சில தடவை அமுக்கினார். அப்புறம் இடது காது. சோதிக்கும் பெண் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது அவள் விரல்களில் தெரிந்தது. ஏழுமலை பொத்தானைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஆரம்பித்துவிட்டார்களா என்று புருவத்தால் கேட்டார். ஆரம்பித்து முடியப் போகும் நேரம் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் அருகே பேசினால் கேட்கும், விசில் கேட்காது. இனி பேருந்து ஓட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏழுமலை அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு விமானம். காலையில் பெருநகருக்குப் போனேன், அதே தடத்தில், வேறு ஓட்டுநர். முருகேசன் பின்வாசலில் விசில் ஊதினார், வண்டி உடனே நகர்ந்தது.

ஏழுமலையின் வீடு வயல் ஓரம். அவர் மனைவி கன்னியம்மா நாற்காலி போட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், "நீ இன்னாம்மா பண்ணுவ. எனக்குத் தெரியும், முருகேசனுக்குத் தெரியும். வூட்ல பேசனா, எஞ்சின் சத்தம் இன்னும் காதுலயே கீது, கொஞ்சம் கத்திப் பேசுன்னுவாரு. நானும் கத்திக்கினே இருந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார், வெகுநேரம் வரவில்லை.

ஏழுமலை என் இடப்பக்கம் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். அப்போதுதான் அவருடைய வலது காது என் பக்கம் இருக்கும். அவராகவே பேசினார்.

"எஞ்சின்தான் மறைக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம். இத்தினி வருசமா. ரிட்டேர் ஆயி வூட்ல ஒக்காந்தா எல்லாம் சரியாப் போயிடும்னு. அன்னிக்கி உங்க சீட்டுல எஞ்சின் அடங்கிப் போச்சி. முருகேசன் பானட்டு மேல ஒக்காந்து பேசறான். வாய் அசையுது. சத்தம் அடங்கிப் போச்சில்ல, இப்போ கேக்கும், இப்போ கேக்கும்னு காத்துக்கினே ஓட்டனேன். ஒண்ணியும் வரல."

அந்தக் கண்ணீரைத்தான் நான் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பியிருந்தேன்.

"அன்னிக்கே எறங்கி மொதலாளிகிட்ட சொல்லிருந்தா அந்தப் பொண்ணு கை ஒடிஞ்சிருக்காது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஓட்டிட்டு சொல்லலாம்னு நெனச்சேன்."

வயலில் நெல் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது இரைச்சல். அவர் முகத்தில் அதற்கு எந்தச் சலனமும் இல்லை. உள்ளங்கைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"சத்தத்த எடுக்கறதுக்கு மிசின் செஞ்சீங்களே மேடம். குடுக்கறதுக்கு எதுனா கீதா?"

வலது காதுக்குக் கருவி வைத்தால் கொஞ்சம் உதவும், இடது காதுக்கு ஒன்றும் இல்லை என்றேன். அறுவடை இயந்திரம் அந்த நேரம் வரப்போரம் திரும்பியது. அவர் குனிந்து காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"இன்னா சொன்னீங்க?"

இல்லை என்று அவர் காதில் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.